பத்து லிட்டரைத் தூக்கும் ட்ரோன்

சுமை தூக்கும் ட்ரோனின் வடிவத்தை அது தூக்கப்போகும் சுமைதான் தீர்மானிக்கிறது. மோட்டாரையும் பேட்டரியையும் முதலில் வாங்கிவிட்டு, அது எவ்வளவு தூக்கும் என்று பிறகு பார்ப்பது தலைகீழ் வழி. எதைத் தூக்க வேண்டும், எவ்வளவு நேரம், எந்த நிலத்தின் மேல் என்ற மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகே ஒரு திருகாணியை வாங்குவதிலும் பொருள் உண்டு. காவிரிப் படுகையின் கடைசிப் பகுதியான மயிலாடுதுறை, சீர்காழி, தரங்கம்பாடி வட்டாரங்களின் நெல் வயல்கள் இம்மூன்றுக்கும் தெளிவான விடை தருகின்றன. தூக்க வேண்டியது பயிருக்கு அடிக்கும் மருந்து. நேரம், ஒரு டேங்க் தீரும் வரை. நிலமோ சமதளம், ஆனால் வரப்புக்கு வரப்பு சொந்தக்காரர் மாறும் நிலம், தென்னையும் பனையும் மின்கம்பியும் குறுக்கே நிற்கும் நிலம்.

குறுவையில் குருத்துப் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் வரும். சம்பாவில், ஐப்பசி மழைக்குப் பின் வானம் மூடியிருக்கும் நாட்களில் புகையான் தூரைப் பிடிக்கும். குலை நோயும் சேர்ந்துகொள்ளும். புகையான் பிடித்த வயலில் இரண்டு நாள் தாமதம்கூடப் பயிர் வட்டம் வட்டமாகக் காய்ந்துபோகக் காரணமாகிவிடும். அந்த நேரத்தில்தான் வயலில் இறங்குவது கடினம். முழங்கால் அளவு சேறு, முதுகில் 16 லிட்டர் தெளிப்பான், முகத்துக்கு நேரே மருந்துச் சாரல். 2022 நவம்பர் 11 இரவு சீர்காழியில் ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதுபோன்ற மழைக்குப் பின் நீர் வடிந்தும் வடியாமலும் கிடக்கும் வயலில் மருந்து அடிக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அந்த வேலையை ஒரு மனிதனிடம் சொல்வது நியாயமும் அல்ல. டெல்டாவில் ட்ரோனுக்கு இடம் இருப்பதற்கு முதன்மையான காரணம் இதுவே. வேகமும் ஆள்கூலி மிச்சமும் அடுத்தவை.

கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு ஏறத்தாழ 200 லிட்டர் கரைசல் தேவை. ட்ரோனில் அதே அளவு மருந்தை ஏறத்தாழ 10 லிட்டர் தண்ணீரில் கலந்து அடிக்கிறார்கள். தஞ்சை வட்டாரக் கணக்கில் ஒரு மா 100 குழி, அதாவது சுமார் 33 சென்ட். மூன்று மா ஓர் ஏக்கரை ஒட்டி வரும். 20 மா ஒரு வேலி. ஒரு வேலிக்குக் கைத்தெளிப்பானில் 1,300 லிட்டருக்கு மேல் தண்ணீர் சுமக்க வேண்டியிருக்கும். ட்ரோனுக்கு 70 லிட்டருக்குள் முடியும். 10 லிட்டர் டேங்க் ஒரு முறை எழுந்து இறங்கினால் மூன்று மா முடிய வேண்டும் என்பதே வடிவமைப்பின் தொடக்கப் புள்ளி.

ஆளில்லா ஊர்தியால் வயலுக்கு மருந்து அடிக்கும் சிந்தனை நெல் விளையும் இன்னொரு நாட்டில் முன்பே தோன்றியது. விவசாயிகள் முதுமையடைந்து வயலுக்கு ஆள் குறைந்த ஜப்பானில், யமஹா நிறுவனம் 1987-இல் ஆர்-50 என்ற ஆளில்லா ஹெலிகாப்டரை உருவாக்கியது. அது 20 கிலோ தூக்கியது. 1997-இல் ஆர்மேக்ஸ் வந்தது. இரண்டும் பெட்ரோல் எஞ்சினும் ஒற்றைப் பெரிய விசிறியும் கொண்டவை. சுழலும்போதே அலகுகளின் கோணத்தை மாற்றும் நுட்பமான இயந்திர அமைப்பு அவற்றுக்குத் தேவைப்பட்டது. ஒரு கிராமத்துப் பட்டறையில் செய்யக்கூடிய வேலை அல்ல அது. பல விசிறி ஊர்தியில் அந்தச் சிக்கல் இல்லை. ஒவ்வொரு மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தாலே ஊர்தி ஏறும், சாயும், திரும்பும். இந்த எண்ணம் பழையது. 1924-இல் பிரான்சின் எத்தியென் ஊமிஷேன் நான்கு விசிறி ஊர்தியில் ஒரு கிலோமீட்டர் சுற்றிவந்தார். ஆனால் ஒரு வினாடிக்குள் நூற்றுக்கணக்கான முறை சாய்வை அளந்து திருத்த மனிதக் கையால் முடியாது. செல்பேசிகளுக்காகப் பெருமளவில் செய்யப்பட்ட மலிவான சாய்வு உணரிகளும், வலுவான நியோடிமியம் காந்தம் பொருந்திய பிரஷ் இல்லா மோட்டார்களும், லித்தியம் பாலிமர் பேட்டரியும் ஒன்றுசேர்ந்த பிறகே அந்த எண்ணம் சாதாரண மனிதர் கையில் கருவியாயிற்று.

சக்திக் கணக்குக்கு வருவோம். சுமை தூக்கும் ட்ரோனில் மற்றெல்லா முடிவும் இதற்குப் பின்னால்தான் வருகிறது. அந்தரத்தில் நிற்கும் ஊர்தி, தன் எடைக்குச் சமமான விசையில் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளலாம். கொஞ்சம் காற்றை வேகமாகத் தள்ளலாம். இரண்டிலும் தூக்குவிசை ஒன்றே, செலவாகும் சக்தி வேறு. மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். அதனால்தான் சுமை தூக்கும் ட்ரோனுக்கு விசிறிகள் பெரிதாகவும் மெதுவாகச் சுழல்பவையாகவும் இருக்க வேண்டும். விசிறிகள் துழாவும் மொத்தப் பரப்பை இரட்டிப்பாக்கினால் அதே எடையைத் தூக்கும் சக்தி ஏறத்தாழ 29 விழுக்காடு குறைகிறது.

புறப்படும்போது 25 கிலோ எடையுள்ள ஆறு விசிறி ஊர்தியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு விசிறியும் 30 அங்குல விட்டம், அதாவது 76 சென்டிமீட்டர். ஆறும் சேர்ந்து துழாவும் பரப்பு சுமார் 2.7 சதுர மீட்டர். 25 கிலோவைத் தூக்க 245 நியூட்டன் விசை வேண்டும். விசையை, காற்றின் அடர்த்தி, பரப்பு இரண்டின் பெருக்கலின் இருமடங்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் விசிறித் தளத்தில் காற்று இறங்கும் வேகம் கிடைக்கும். இங்கே அது வினாடிக்கு 6.1 மீட்டர். விசையையும் இந்த வேகத்தையும் பெருக்கினால் ஏறத்தாழ 1,500 வாட். இழப்பே இல்லாத விசிறிக்கான கணக்கு இது. உண்மையான விசிறி, மோட்டார், வேகக் கட்டுப்பாட்டுச் சுற்று ஆகிய மூன்றின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரி தரும் சக்தியில் பாதிக்குச் சற்று மேல்தான் காற்றுக்குப் போய்ச் சேரும். ஆக, அந்தரத்தில் நிற்கவே 2,700 வாட் வேண்டும்.

எடைக்கும் சக்திக்கும் உள்ள உறவு நேர் விகிதம் அல்ல. எடையின் ஒன்றரை அடுக்காகச் சக்தி உயர்கிறது. டேங்க் காலியாகி ஊர்தி 15 கிலோவாகும்போது எடை 60 விழுக்காட்டுக்கு வருகிறது. சக்தித் தேவையோ 47 விழுக்காட்டுக்கு, ஏறத்தாழ 1,260 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கு இது இயற்கை தந்த சலுகை: பேட்டரி தளரத் தளரச் சுமையும் குறைகிறது. மாறாக, பொட்டலம் சுமக்கும் ட்ரோன் கடைசி வினாடி வரை முழுச் சுமையோடு பறக்க வேண்டும். இரண்டையும் ஒரே கணக்கில் வடிவமைக்கக் கூடாது.

இனி 25 கிலோவைப் பங்கிட வேண்டும். பத்துக் கிலோ கரைசலுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு கையின் நுனியிலும் மோட்டார், கட்டுப்பாட்டுச் சுற்று, விசிறி மூன்றும் சேர்ந்து 900 கிராம் என்றால் ஆறுக்கும் 5.4 கிலோ. கார்பன் இழைக் குழாய்களாலான சட்டகமும் கால்களும் 2.4 கிலோ. டேங்க், பம்ப், நாசில், கட்டுப்பாட்டுக் கருவி, வயர் எல்லாம் 1.8 கிலோ. 22 ஆம்பியர்-மணி, ஆறு செல் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்தால் 5.2 கிலோ. மொத்தம் 24.8 கிலோ. மிஞ்சியிருப்பது 200 கிராம்! தனியாகச் செய்பவர்களின் முதல் ட்ரோன் பெரும்பாலும் இந்தத் தாளில்தான் தோற்கிறது. அலுமினியக் குழாய் மலிவாகக் கிடைத்தது என்று போட்டால் ஒரு கிலோ கூடும். தடித்த வயர் அரைக் கிலோ. கேமராவும் விளக்கும் இன்னொரு அரைக் கிலோ. ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் தோன்றும். முடிவில் டேங்க்கில் எட்டு லிட்டர்தான் ஊற்ற முடியும் என்று ஆகும். வாங்கும் ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்து எழுதிக்கொள்ளும் பழக்கம் இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து 44.4 வோல்ட், 22 ஆம்பியர்-மணி. சுமார் 977 வாட்-மணி. அதில் 80 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தால் பேட்டரியின் ஆயுள் கெடும். 780 வாட்-மணிதான் கணக்கில் கொள்ளத் தக்கது. முழுச் சுமையோடு அந்தரத்தில் நின்றால் 17 நிமிடம். டேங்க் காலியாகிக்கொண்டே போவதால் சராசரித் தேவை 2,000 வாட்டை ஒட்டி வரும். ஏழு நிமிடத்தில் முடியும் ஒரு டேங்க்குக்கு ஏறத்தாழ 230 வாட்-மணி. காகிதத்தில் மூன்று டேங்க் அடிக்கலாம். ஆனால் காற்றை எதிர்த்துப் பறப்பதற்கும் வரப்பு ஓரத்தில் நின்று திரும்புவதற்கும் ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரு ஜோடிக்கு இரண்டு டேங்க் என்று வைத்துக்கொள்வதே விவேகம். காலை வேளையில் ஒரு வேலி முடிக்க நான்கு ஜோடி வேண்டும். அல்லது வயலிலேயே சார்ஜ் செய்ய ஒரு ஜெனரேட்டர் வேண்டும்.

மின்னழுத்தம் ஏன் உயர்வாக இருக்க வேண்டும் என்பதும் இதே கணக்கில் தெரிகிறது. 2,700 வாட்டை 44 வோல்ட்டில் எடுத்தால் ஓட்டம் 61 ஆம்பியர். 22 வோல்ட்டில் எடுத்தால் 122 ஆம்பியர். ஓட்டம் இரட்டித்தால் வயரில் வெப்பமாக வீணாவது நான்கு மடங்காகும். வயரைத் தடிப்பாக்கினால் எடை கூடும். அதனால் 10 லிட்டர் ஊர்திக்கு 12 செல் என்பது வழக்கமாகிவிட்டது. இந்த அழுத்தத்தில் பேட்டரியைச் செருகும்போது பெரிய தீப்பொறி தெறிக்கும்; அதைத் தடுக்கும் மின்தடை பொதிந்த கனெக்டர்களையே பயன்படுத்த வேண்டும்.

பேட்டரியின் வரம்பு கசப்பானது. மேற்சொன்ன பேட்டரி கிலோவுக்கு 190 வாட்-மணி தருகிறது. பெட்ரோல் ஒரு கிலோவில் 12,000 வாட்-மணிக்கு மேல் இருக்கிறது. சிறு எஞ்சினும் ஜெனரேட்டரும் அதில் முக்கால்பங்குக்கு மேல் வீணாக்கினாலும் மிஞ்சுவது பல மடங்கு. பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் தர, அந்த மின்சாரத்தில் விசிறிகள் சுழலும் கலப்பு வகை ட்ரோன் இதிலிருந்து பிறந்தது. தமிழ்நாட்டில் இதில் உழைத்தவர்கள் சென்னை குரோம்பேட்டையில் உள்ள மெட்ராஸ் தொழில்நுட்பக் கல்லூரி வளாகத்தினர். அப்துல் கலாம் விமானப் பொறியியல் பயின்ற அதே வளாகம். அங்குள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் வான்வெளி ஆய்வு மையத்தில், பேராசிரியர் கே. செந்தில்குமாரின் வழிகாட்டலில் வளர்ந்த தக்ஷா மாணவர் குழு, 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் என்ற ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. நடிகர் அஜித்குமார் அக்குழுவின் ஆலோசகராக இருந்தார். எட்ட முடியாத இடத்திலிருந்து இரத்த மாதிரியைத் தானியங்கி ஊர்தியால் கொண்டுவருவது அந்தப் போட்டியின் சவால். 2020-இல் கொரோனாப் பரவலின்போது கிருமிநாசினி தெளிக்கத் தமிழ்நாட்டில் பறந்த ட்ரோன்களில் இந்தக் குழுவினுடையவையும் இருந்தன. பயிர்மருந்துக்காக வடிவமைத்த டேங்க்கும் நாசிலும் அப்போது தெருக்களுக்கு உதவின. கலப்பு ஊர்தி நெடுநேரம் நிற்கும். ஆனால் எஞ்சினின் எடை, அதிர்வு, பராமரிப்பு எல்லாம் சேர்ந்து வரும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை டேங்க்கை நிரப்ப இறங்கியே ஆக வேண்டிய தெளிப்பு ட்ரோனுக்கு, இறங்கும்போது பேட்டரியையும் மாற்றிக்கொள்வதுதான் எளிய வழி.

ஆறு விசிறியா, நான்கா, எட்டா என்பது பாதுகாப்பைப் பொறுத்த கேள்வி. நான்கு பெரிய விசிறிகள் சிக்கனமானவை. ஆனால் ஒன்று நின்றால் ஊர்தி விழுந்தே தீரும். ஆறில் ஒன்று நின்றால், மற்றவற்றுக்கு மிச்சத் திறன் இருந்தால் தடுமாறியாவது தரையிறங்க வாய்ப்புண்டு. எட்டில் இன்னும் பாதுகாப்பு. எடையும் செலவும் கூடும். ஒரே கையில் மேலும் கீழுமாக இரண்டு விசிறி வைப்பது அடக்கமான அமைப்பு, ஆனால் மேல் விசிறி கலக்கிய காற்றில் கீழ் விசிறி சுழல்வதால் சிக்கனம் கெடுகிறது. எத்தனை விசிறி வைத்தாலும் ஒரு விதி மாறாது: எல்லா மோட்டாரும் முழு வேகத்தில் தரும் விசை, ஊர்தியின் எடையைப் போல் இரு மடங்காவது இருக்க வேண்டும். 25 கிலோவுக்கு ஒவ்வொரு கையும் நிற்கும்போது 4.2 கிலோ தூக்கும், எனவே 8.4 கிலோவாவது தரக்கூடிய மோட்டார் தேவை. அந்த மிச்சம்தான் காற்று அடிக்கும்போது நிமிர்ந்து நிற்க உதவுவது. அடுத்தடுத்த விசிறிகள் எதிரெதிர்த் திசையில் சுழல வேண்டும். இல்லையேல் ஊர்தி தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கும்.

30 அங்குல விசிறிகள் ஒன்றையொன்று தொடாதிருக்க மோட்டார்களுக்கிடையே 85 சென்டிமீட்டர் விட்டால், அறுகோண அமைப்பில் கையின் நீளமும் அதேதான். விசிறி நுனியிலிருந்து எதிர் நுனி வரை கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். இதைச் சிறிய சரக்கு வண்டியில் ஏற்ற வேண்டுமானால் கைகள் மடங்க வேண்டும். மடங்கும் மூட்டுதான் சட்டகத்தின் பலவீனமான இடம். அங்கே ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் மோட்டார் நேராக நிற்காது, ஊர்தி ஒரு பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கும், அதைத் திருத்தவே சக்தி வீணாகும். சொந்தமாகச் செய்பவர் மற்ற இடங்களில் சிக்கனம் பிடிக்கலாம். இந்த மூட்டிலும் விசிறியிலும் பேட்டரியிலும் பிடிக்கக் கூடாது.

மூளையாக இயங்கும் கட்டுப்பாட்டுக் கருவிக்குத் திறந்த மூல மென்பொருள் கிடைத்திருப்பது பெரும் வரம். ஆர்டுபைலட் 2009 முதல் உலகெங்கும் உள்ள ஆர்வலர்களால் வளர்க்கப்பட்டு வருகிறது. பிக்ஸ்ஹாக் என்ற வன்பொருள் வடிவம் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. சுழற்சி உணரி, முடுக்க உணரி, காற்றழுத்த உணரி, திசைகாட்டி, ஜி.பி.எஸ். ஆகியவற்றின் தகவலைச் சேர்த்து அது நிலையைக் கணிக்கிறது. திசைகாட்டியைப் பேட்டரி வயரிலிருந்து தள்ளி, உயரமான கம்பத்தில் வைக்க வேண்டும். 61 ஆம்பியர் ஓடும் வயரின் காந்தப்புலம் வடக்கையே மாற்றிவிடும். சாதாரண ஜி.பி.எஸ்.ஸில் ஓரிரு மீட்டர் பிழை உண்டு. கோதுமை விளையும் பரந்த பண்ணையில் அது பெரிதல்ல. ஒரு மா, இரண்டு மாவாகத் துண்டுபட்ட டெல்டா வயலில் அதே பிழை பக்கத்து வயலில் மருந்தைக் கொட்டும். சீர்காழி, தரங்கம்பாடிக் கடலோரத்தில் இறால் குட்டைகளும் உள்ளன. பூச்சிமருந்தின் சிறு சாரலும் இறாலைக் கொல்லும். அதனால் தரையில் ஒரு நிலையான நிலையத்தை வைத்துப் பிழையைச் சில சென்டிமீட்டருக்குள் கொண்டுவரும் ஆர்.டி.கே. முறை இங்கே ஆடம்பரம் அல்ல, அவசியம்.

மென்பொருளில் தொழிற்சாலை அமைத்துக் கொடுத்த எண்களை அப்படியே விடுவது ஆபத்து. ரிமோட் இணைப்பு அறுந்தால் ஊர்தி புறப்பட்ட இடத்துக்குத் தானே திரும்பும். ஆர்டுபைலட்டில் அந்தத் திரும்பும் உயரம் இயல்பாக 15 மீட்டர். நெட்டைத் தென்னை 20 மீட்டரைத் தாண்டும் ஊரில் 15 மீட்டரில் திரும்பும் ட்ரோன் நேராக மட்டையில் போய்ச் சிக்கும். வயலைச் சுற்றியுள்ள உயர்ந்த மரத்தைப் பார்த்து, அதற்கு மேல் பத்து மீட்டர் விட்டு இந்த எண்ணை மாற்ற வேண்டும். தொலைத்தகவல் வானொலிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். இந்தியாவில் உரிமமின்றிப் பயன்படுத்தத் தக்கது 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசை. வெளிநாட்டுத் தொகுப்புகளில் வரும் 915 மெகாஹெர்ட்ஸ் கருவி இங்கே செல்லாது.

திரவச் சுமைக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பாதி நிரம்பிய டேங்க்கில் கரைசல் அலம்பும். ஊர்தி நின்ற பிறகும் தண்ணீர் முன்னே போய் மோதி அதைத் தள்ளும். கட்டுப்பாட்டுக் கருவி திருத்த முனையும்போது அலை திரும்பி வந்து எதிர்ப்பக்கம் தள்ளும். இரண்டும் ஒத்திசைந்தால் ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். டேங்க்குக்குள் துளையிட்ட தடுப்புத் தட்டுகளை வைப்பதும், டேங்க்கை ஊர்தியின் நடு அச்சில் பொருத்துவதும், திரும்பும் இடங்களில் வேகத்தை மெதுவாகக் குறைப்பதும் இதற்குத் தீர்வு. 25 கிலோவிலும் 15 கிலோவிலும் ஒரே கட்டுப்பாட்டு எண்கள் சரிவர அமைய வேண்டும் என்பதால், காலி டேங்க்கிலும் நிறை டேங்க்கிலும் தனித்தனியே பறந்து பார்த்து நடுவான அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தெளிப்புக் கணக்கு எளிது. நான்கு மீட்டர் அகலத்தில், வினாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் போனால் ஒரு வினாடிக்கு 16 சதுர மீட்டர். ஓர் ஏக்கருக்கு 253 வினாடி. திரும்பும் நேரம் சேர்த்தால் ஆறு, ஏழு நிமிடம். அந்த 253 வினாடியில் 10 லிட்டர் தீர வேண்டுமானால் நிமிடத்துக்கு 2.4 லிட்டர், நான்கு நாசில் என்றால் ஒவ்வொன்றுக்கும் 0.6 லிட்டர். ஊர்தி மெதுவாகும்போது பம்பும் மெதுவாக வேண்டும். இல்லையேல் வரப்போரப் பயிர் இரட்டை மருந்தைக் குடிக்கும். கரைசல் இருபது மடங்கு அடர்த்தியாக இருப்பதை மறக்கக் கூடாது. டேங்க்கை நிரப்புபவர் கையுறை, முகமூடி இல்லாமல் நெருங்கக் கூடாது. தூள் மருந்து அடியில் படிந்து நாசிலை அடைக்கும். வாய்க்கால் தண்ணீரைத் துணியில் வடிகட்டியே ஊற்ற வேண்டும்.

துளியின் அளவும் காற்றும் சேர்ந்து மருந்தின் போக்கைத் தீர்மானிக்கின்றன. 200 முதல் 300 மைக்ரான் துளி பயிரில் இறங்கும். 100 மைக்ரானுக்குக் கீழே போனால் காற்றோடு போய்விடும். விசிறியின் கீழ்க்காற்று இங்கே கூட்டாளியாகிறது. விசிறித் தளத்தில் வினாடிக்கு 6.1 மீட்டராக இருக்கும் காற்று, சற்றுக் கீழே அதன் இருமடங்கை நெருங்கும். அது இலைகளைப் பிளந்து துளிகளைத் தூருக்கு அனுப்புகிறது; நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒளிந்திருக்கும் புகையானுக்கு மருந்து எட்டுவதற்கு இந்தக் காற்று உதவும். ஆனால் பயிருக்கு மேல் இரண்டு, மூன்று மீட்டர் உயரத்தைக் காத்தால்தான் இந்தப் பலன். உயரம் கூடினால் காற்று கலைந்து மருந்து பறக்கும். மிகத் தாழ்ந்தால் தெளிப்பு அகலம் சுருங்கும், கதிர் முற்றிய சம்பா சாய்ந்தும்விடும். பயிர்மேல் உயரத்தை அளக்கக் காற்றழுத்த உணரி போதாது. சிறு ரேடார் உணரி வேண்டும். தேங்கிய நீரின்மேல் ஒளிக்கற்றை உணரிகள் ஏமாந்துபோவதும் உண்டு. காற்று அடங்கியிருக்கும் அதிகாலையே மருந்துக்கு உகந்தது. கடற்காற்று எழும் பிற்பகல் தரங்கம்பாடிப் பக்கம் ஒருபோதும் ஆகாது.

சோதனை படிப்படியாக நடக்க வேண்டும். விசிறி மாட்டாமல் மோட்டார்களின் சுழற்சித் திசையைப் பார்ப்பது முதல் படி. பிறகு ஊர்தியைத் தரையில் கட்டிவைத்து மின்னோட்டத்தையும் வெப்பத்தையும் அளப்பது. அடுத்து அறுவடை முடிந்த காலி வயலில் வெறும் ஊர்தியாக எழுப்புவது. பின்பு இரண்டு லிட்டர், ஐந்து லிட்டர், பத்து லிட்டர் தண்ணீர். எல்லாம் முடியும்வரை டேங்க்கில் மருந்து கூடாது. கருவி பதிவுசெய்யும் அதிர்வு அளவை ஒவ்வொரு முறையும் படித்துப் பார்க்க வேண்டும். சமன் தவறிய விசிறி கண்ணுக்குத் தெரியாது, பதிவில் தெரியும். செங்குத்தாக வேகமாக இறக்குவது இன்னொரு பிழை. தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ஊர்தி இறங்கினால் விசிறிகள் பிடிமானம் இழந்து அது கல்லாக விழும். சற்று முன்னே நகர்ந்தபடி மெதுவாக இறக்குவதே முறை. 76 சென்டிமீட்டர் கார்பன் அலகு எலும்பை வெட்டக்கூடியது. சிறுவர்கள் வேடிக்கை பார்க்க ஓடிவரும் ஊர்களில் ஒரு துணையாள் வரப்பிலேயே நின்று யாரையும் நெருங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தின் எல்லையை வடிவமைக்கும்போதே தெரிந்துகொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள் சுமையோடு சேர்ந்த மொத்த எடையால் ஊர்திகளை வகைப்படுத்துகின்றன. 2 கிலோவுக்கு மேல் 25 கிலோ வரை சிறு வகை. அதைத் தாண்டினால் நடுத்தர வகை. 10 லிட்டர் ஊர்தி 25 கிலோவுக்குள் அடங்க வேண்டும் என்ற பிடிவாதம் இங்கிருந்தும் வருகிறது. கல்வி, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காகக் கண்பார்வைக்குள் மட்டும் பறக்கும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி ஊர்திக்கு வகைச் சான்றிதழ் வேண்டியதில்லை. ஆனால் தனி அடையாள எண்ணும், இந்த எடைக்கு ட்ரோனை இயக்குபவருக்கான சான்றிதழும் வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி உயரம் வரை முன் அனுமதி தேவையில்லை. கூலிக்கு மருந்து அடிப்பதற்கோ விற்பதற்கோ வகைச் சான்றிதழ் பெற்ற ஊர்தியே வேண்டும். முழு ட்ரோன்களை இறக்குமதி செய்வது 2022 பிப்ரவரியில் தடைசெய்யப்பட்டது; உதிரிப் பாகங்களுக்குத் தடை இல்லை. மருந்து பற்றிய விதிகள் தனி. ட்ரோன்வழித் தெளிப்புக்கான நடைமுறை 2021 டிசம்பரில் வெளியானது. 2022 ஏப்ரலில் 477 மருந்துகளுக்கு இடைக்கால அனுமதி கிடைத்தது.

ஆகவே வீட்டிலோ கல்லூரியிலோ கட்டிய ஊர்தி நேரே ஊரார் வயலுக்குப் போவதற்கானது அல்ல. அதன் மதிப்பு வேறிடத்தில் இருக்கிறது. மானியத்தில் வந்த சான்றிதழ் ட்ரோன் நடுப்பருவத்தில் பழுதாகி, உதிரிப் பாகத்துக்காகச் சென்னையை எதிர்பார்த்துக் கிடந்தால், புகையான் காத்திராது. மோட்டார் ஏன் சூடாகிறது, ஊர்தி ஏன் ஒரு பக்கம் சாய்கிறது, பேட்டரி ஏன் உப்புகிறது என்று உடனே சொல்லக்கூடியவர் ஒருவர் மயிலாடுதுறையிலேயே இருக்க வேண்டும். பம்ப்செட்டும் டிராக்டரும் இந்த மண்ணில் நிலைபெற்றது ஊர் மெக்கானிக்குகளால்தான். ஒன்றைத் தன் கையால் கட்டி, எடைபோட்டு, பறக்கவிட்டு, கழற்றிப் பார்த்தவரே அந்த மெக்கானிக் ஆக முடியும். தொழிற்பயிற்சி நிலையங்களும் பாலிடெக்னிக்குகளும் முழு அளவு ட்ரோன் ஒன்றை மாணவர்களைக்கொண்டே கட்டுவிப்பது இந்தப் பகுதிக்கு மிகவும் வேண்டிய பணி.

பராமரிப்பு வேலை தெளித்து முடித்தவுடனே தொடங்குகிறது. டேங்க்கிலும் குழாயிலும் நல்ல தண்ணீரை மும்முறை ஓடவிட வேண்டும். கழுவிய நீரை வாய்க்காலில் விடக் கூடாது, அதே வயலிலேயே தெளித்துவிட வேண்டும். மோட்டார் மேலும் மூட்டுகளிலும் படிந்த மருந்தை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கடலோர உப்புக்காற்று பேரிங்கையும் கனெக்டரையும் விரைவில் அரிக்கும். குறுவைக்கும் சம்பாவுக்கும் இடையே ட்ரோன் வாரக்கணக்கில் சும்மா இருக்கும். அப்போது பேட்டரியை நிறை சார்ஜில் வைத்தால் உப்பிவிடும், செல்லுக்கு 3.8 வோல்ட், 12 செல்லுக்கு 45.6 வோல்ட் என்ற அளவில், நெல் மூட்டைக்கும் வைக்கோலுக்கும் தொலைவாக, தீப்பிடிக்காத பெட்டியில் வைக்க வேண்டும். அடுத்த பருவத்தின் முதல் நாளில் திருகாணிகளை எல்லாம் முறுக்கி, திசைகாட்டியைத் திரும்ப அளவுதிருத்தி, வெறும் தண்ணீரோடு ஒரு முறை பறந்து பார்த்த பிறகே மருந்து ஊற்ற வேண்டும்.